உப்புப் பார்த்தவள்

கரண்டி நுனியில் இருந்ததை அவள் நாக்கில் வைத்தாள்.

சூடு. பிறகு இனிப்பு. அதனடியில் லேசாகக் கருகிய மணம்.

பிறகு உப்பு.

தண்ணீர் குடித்தாள். இன்னொரு துளி எடுத்து வைத்தாள்.

அடுப்பருகில் ஜுலைகா அக்கா காத்திருந்தார். நோன்பில் உதடு காய்ந்திருந்தது.

ஊட்டிக் குளிரில் அந்தச் சமையலறை மட்டும் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். கறுப்புச் சாக்லேட், உள்ளே உப்புப் போட்ட கேரமல். அதைத் தேடி வந்து வாங்குகிறவர்கள் உண்டு. மற்ற நாட்களில் அக்காவே உப்புப் பார்த்துவிடுவார். ரமலானில் மட்டும் வேறொருவரின் நாக்கு வேண்டும். போன வருடம்வரை பிலோமினா பார்த்தாள். கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டாள்.

இந்த வருடம், பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவளை அக்கா கூப்பிட்டார்.

"நிரோஷா, வாம்மா. உப்புப் பாரு."

கோவையில் ஒரு கல்யாணத்துக்கான ஆர்டர். இன்று ராத்திரியே மலையிறங்க வேண்டும்.

அக்காவின் கை அளவு தவறியதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

"உப்புக் கூடிடுச்சுக்கா."

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். நிச்சயமா என்று கேட்கவில்லை. அடுப்பை அணைத்தார். சட்டியை ஓரமாக இறக்கி வைத்தார். வேறொரு சட்டியை எடுத்து, சர்க்கரையைக் கொட்டினார்.

பெட்டி மடித்துக்கொண்டிருந்த பாக்கியத்துக்குப் பொறுக்கவில்லை.

"நேத்து வரைக்கும் லேபிள் ஒட்டிட்டு இருந்தவ, இன்னிக்குத் தீர்ப்பு சொல்றா. காலைல ஊறுகாயை வழிச்சுத் தின்னுட்டு வந்திருப்பா. அப்புறம் எல்லாம் உப்பாத்தான் இருக்கும்."

நிரோஷா கரண்டியைக் கழுவி வைத்தாள்.

காலையில் அவள் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டதும் நார்த்தங்காய் ஊறுகாய்தான்.

அவ்வளவு வெண்ணெய். அவ்வளவு க்ரீம். ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்த சட்டியை அவள் சுற்றிச் சுற்றிப் போனாள். இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை. தவறாகச் சொல்லியிருந்தால், இனி அவளிடம் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை.

இரண்டாவது பாகுக்கும் அக்கா அவளைத்தான் கூப்பிட்டார்.

சரியாக இருக்கிறது என்று தலையசைத்தாள்.

சாக்லேட் பூசிய அச்சுகளில் ஊற்றினார்கள். மேலே கறுப்புச் சாக்லேட் மூடியது. இறுகியது.

சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து பாங்கு வந்தது.

அக்கா கண்ணை மூடி, உதட்டுக்குள் துஆ ஓதினார். ஒரு பேரீச்சம்பழம். தண்ணீர். பிறகு, அச்சிலிருந்து தட்டி எடுத்த சாக்லேட் ஒன்றை இரண்டாக உடைத்தார். கேரமல் நூலாக இழுபட்டு அறுந்தது.

கடித்தார். மெதுவாக மென்றார்.

"அல்ஹம்துலில்லாஹ். நல்லா வந்திருக்கு."

மறுபாதியை நிரோஷாவின் உள்ளங்கையில் வைத்தார்.

பாக்கியம் ஓரத்துச் சட்டியைக் காட்டினாள்.

"அதையும் ஒரு விரல் தொட்டுப் பாத்துடுங்கக்கா. இவ சொன்னது நெசமான்னு தெரிஞ்சிரும்."

நியாயமான பேச்சுதான். இப்போது நோன்பும் திறந்தாயிற்று.

நிரோஷாவின் வாயில் சாக்லேட் கரையாமல் நின்றது. கசப்பு மட்டும் தெரிந்தது.

அக்கா எழுந்து போய்ச் சட்டியை எடுத்தார். கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை அதில் ஊற்றினார்.

"அதான் காலைலயே பாத்தாச்சே, பாக்கியம்."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தொழப் போனார்.

பாக்கியம் கொஞ்ச நேரம் பெட்டிகளை அடுக்கினாள். பிறகு, நிமிர்ந்து பார்க்காமலே, "நாளைக்கு லேபிளை நானே ஒட்டிக்கறேன். நீ அடுப்புப் பக்கமே நில்லு" என்றாள்.

நிரோஷா சட்டியின் முன்னால் நின்றாள். முதுகு தானாக நிமிர்ந்திருந்தது.

கசப்பு கரைந்தது. இனிப்பு வந்தது. கடைசியில், அளவாக, உப்பு.

சட்டியின் விளிம்பில், தண்ணீர் எட்டாத இடத்தில், ஒரு விரலுக்குப் போதுமான பாகு ஒட்டியிருந்தது.

அவள் ஒரு சொம்பு வெந்நீர் மொண்டு, அதன் மேலும் ஊற்றினாள்.