இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர்

ஊர்க் கழிவுநீர் நிலையத்தின் தொட்டியில் பழுப்பு நுரை கொப்பளித்தால்தான் அதைப் பராமரிக்கும் தனபாக்கியத்துக்கு நிம்மதி. அந்தப் பழுப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் அசிங்கத்தைத் தின்று தீர்ப்பதால்தான் கீழே உள்ள ஏரி, சாக்கடையாகாமல் ஏரியாகவே இருக்கிறது. அவற்றைத் தினம் ஒரு வாளி சாணம் கரைத்து ஊற்றி வளர்க்க அவளுக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது. ஞாயிறு ஒரு நாள்தான் விடுப்பு எடுத்தாள். திங்களன்று தொட்டி வெளுத்துக் கிடந்தது.

"நாளைக்கு அதிகாரி வர்றாரும்மா. பார்க்கவே அருவருப்பா இருந்துச்சு. ரெண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் பண்ணிட்டோம்," என்றார் ஊராட்சித் தலைவர், பெருமையாக.

"சுத்தம் பண்றதையெல்லாம் கொன்னுட்டு, சுத்தம் பண்ணிட்டோம்ங்கிறீங்களே!"

ஏரிக்குப் போகும் வால்வை இறுக்கி மூடினாள். பகலும் இரவும் மோட்டாரை ஓட்டித் தொட்டிக்குள் காற்றடித்து, மருந்தின் வீரியத்தைப் போக்கினாள்.

மறுநாள் அதிகாரி மாலையும் கழுத்துமாகத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "பிரமாதம்! இப்படித்தான் இருக்கணும்." எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த தனபாக்கியம், அவர் கண்ணெதிரே ஒரு வாளி சாணக் கரைசலைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். இன்னும் முப்பத்தொன்பது வாளி இருக்கு."