மறுதரப்பு

தொழிற்சாலைத் தீவிபத்தைப் பற்றி மாணவி எடுத்த ஆவணப்படத்தை ஆசிரியர் பார்த்து முடித்தார்.

“பேட்டி, பின்னணிக் குரல், எடிட்டிங் எல்லாம் கச்சிதம். ஆனா எல்லாரும் கதவைப் பூட்டின காவலாளியைத்தான் கரிச்சுக் கொட்டுறாங்க. ஆவணப்படம்னா மறுதரப்பும் பேசணும்மா.”

“அவரும் அதே தீயில போயிட்டார் சார்.”

“குடும்பத்துல யாரும் இல்லையா?”

“ஒரு பொண்ணு இருக்கா. இதுவரைக்கும் வாயே திறக்கல.”

“எப்படியாவது பேச வை.”

தலையாட்டினாள். அந்த வசவுகளை வெட்டி ஒட்டிய நாட்களில் அவள் மனசு மரத்துப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து கேமராவை ஸ்டாண்டில் பொருத்தினாள். எதிரே ஒரு நாற்காலியைப் போட்டாள். ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டு, தானே போய் அதில் உட்கார்ந்தாள்.

“கதவைப் பூட்டினது எங்கப்பாதான். பூட்டச் சொன்னது யாருன்னு நான் சொல்றேன்.”