ஐம்பது வயதில் பிடிக்கும் பாட்டு

இந்தக் காலத்தில் ஜாதகத்தை யார் பார்க்கிறார்கள்? பெண் பார்க்க வந்த இடத்தில் தரகர் பாட்டுப் பெட்டியைத் தட்டினார். எந்த வயதில் யாருக்கு என்ன பாட்டு பிடிக்கும் என்று அது புட்டுப்புட்டு வைத்துவிடும்.

முப்பதில் பொருத்தம். நாற்பதிலும் பொருத்தம். மாப்பிள்ளை இளம்பரிதியைப் பார்த்த நொடியே மனசைப் பறிகொடுத்த மதிவதனிக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது.

“ஐம்பதுல மாப்பிள்ளைக்கு ஒப்பாரி, பொண்ணுக்கு டப்பாங்குத்து. ஒத்துவராதுங்க!” என்று தரகர் எழுந்துவிட்டார்.

“இருங்கண்ணே!” பதறினாள் மதிவதனி. “சாவு வீட்டுல ரெண்டும் ஒண்ணாத்தானே நடக்குது? அவர் உள்ளே ஒப்பாரி வைக்கட்டும், நான் வாசல்ல ஆடறேன்!”

“நல்ல காரியத்துல என்னடி பேச்சு இது!” அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

சிரித்த சிரிப்பில் சோபாவிலிருந்து சரிந்தே விட்டான் இளம்பரிதி. தரையில் கிடந்தபடியே கத்தினான்: “மாமா, தேதியைக் குறிங்க!”