கொடிவேலி மருந்தும் இரண்டு எலிகளும்

2019ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், வியாழக்கிழமை. காலையிலிருந்தே தூறல் விடவில்லை. ஆய்வுக்கூடம் ஒன்றில், அடுத்தடுத்த கூண்டுகளில், இரண்டு வெள்ளெலிகள் இருந்தன. இரண்டும் உடன்பிறந்தவை. ஆய்வுக்காக இரண்டின் விலாவிலும் புற்றுக்கட்டியை வளர்த்திருந்தனர்.

சித்த வைத்தியத்தில் வழங்கிய கொடிவேலி வேரிலிருந்து பிரித்த மருந்தைச் சில வாரங்களாக மூத்த எலிக்கு நாள்தோறும் ஊசியால் செலுத்திவந்தனர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இளைய எலிக்கு வெறும் உப்புநீரைச் செலுத்தினர். எலிகள் இதனை அறியா.

மூத்ததன் கட்டி மிளகளவாகச் சுருங்கியது. இளையதன் கட்டியோ நெல்லிக்காயளவு பருத்தது.

"உனக்கும் ஊசி, எனக்கும் ஊசி. எனக்கு மட்டும் ஏன் குறையவில்லை, அக்கா?"

"நீ நெளிகிறாயடி. மருந்து எப்படி உள்ளே தங்கும்? என்னைப் பார், கல்போல் இருக்கிறேன்."

மறுநாள் ஊசி இறங்கியபோது இளைய எலி மூச்சையும் அடக்கிக்கொண்டது.

"இன்று சரியாக இருந்தேனா, அக்கா?"

"வால் ஆடியது. நான் பார்த்தேன்."

அதற்கடுத்த நாள் வாலும் ஆடவில்லை. கட்டி மேலும் வளர்ந்தது.

"மனத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு எந்த மருந்தும் பிடிக்காது" என்றது மூத்த எலி.

"என் தவறுதான், அக்கா" என்றது இளைய எலி. அதன்பின் அது இரையெடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையோடு ஆய்வு முடிந்தது. கட்டிகளை அறுத்தெடுத்து எடைபோட்டால்தான் மருந்தின் பயன் உறுதிப்படும். ஆகையால் அன்று முற்பகலில் இரண்டு எலிகளையும் கொன்றனர். மருந்து நன்கு வேலை செய்கிறது என்று தெரிந்தது.