தோணித்துறைத் தொட்டி

மழை விட்ட வெயில் வாவித் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. சுகாதாரப் பரிசோதகர் சதீசன் மேர்சியின் வேலியோரம் குந்தியிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்க்கிறார். அடியில் ஒரு மிடறு மழைத்தண்ணீர், அதில் நுளம்புப் புழுக்கள் நெளிகின்றன. “நுளம்பு பெருக விட்டதுக்கு வழக்குப் போடத்தான் வேணும், தங்கச்சி.” மேர்சி வேலிக்கு வெளியே கையை நீட்டுகிறாள். அங்கே தோணித்துறையில் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு கருங்கல் தொட்டி. வாந்திபேதிக் காலத்தில், தோணியால் இறங்குகிறவர்கள் கைகால் கழுவிவிட்டே ஊருக்குள் வர வேண்டுமென்று வெள்ளைக்கார அரசு கட்டியது. இப்போது அது புராதனச் சின்னம், தொட்டால் குற்றம் என்று பலகை நிற்கிறது. தொட்டி நிறைய மழைத்தண்ணீர், அது முழுக்க அதே புழு. “அதையும் பாருங்க சேர். மூத்தவள் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடக்காள். சின்னவனுக்கும் ராவிலயிருந்து காய்ச்சல்.” “அதில கை வைக்க எங்களுக்கு அனுமதியில்ல. மேல எழுதிப் போட்டிருக்கம்.” முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் அவள் மாமனார் அருளப்பு தலை நிமிராமல் சொல்கிறார்: “வெள்ளக்காரன்ட தொட்டியில பொரிச்ச நுளம்பு, புள்ள. அதுக்கு ஆர் வழக்குப் போடுற?” சதீசன் சிரிக்கப் பார்த்து, சிரிக்காமல் பேனையைத் திறக்கிறார். வீட்டுக்குள் சின்னவன் முனகுகிறான். மேர்சி அவர் கையிலிருந்த சிரட்டையைப் பிடுங்குகிறாள். “என்ன செய்யிறீங்க? அது சாட்சிப் பொருள்!” அவள் பலகையைத் தாண்டிப் போய்க் குனிந்து, அந்தச் சிரட்டையாலேயே தொட்டித் தண்ணீரை அள்ளிச் சுடுமணலில் ஊற்றுகிறாள். மறுபடியும் அள்ளுகிறாள். தொட்டி குறைந்ததாகத் தெரியவில்லை. வாவிக்கு அப்பால் மழை திரும்பவும் கறுத்துக்கொண்டு வருகிறது.