உள்ளறைக்கு ரெண்டு பேர்

“ஏனுங்க, கொறட்டை உடுவீங்களா? உள்ளதைச் சொல்லிப்போடுங்க.”

“ஊட்டுல அப்படித்தானுங்க சொல்றாங்க. நான் கேட்டதில்லை.”

ராஜிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குன்னூரில் மாலதியின் டிராவல்ஸ் ஆபீசில், பக்கத்து சோபாவில் கேள்வி கேட்ட அந்த அம்மாவும் பதில் சொன்ன பெரியவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு அறுபதை ஒட்டி இருக்கும். இத்தனை வருஷம் கழித்து, நாலு பேர் எதிரில் குறட்டைக்கு விசாரணை நடத்துகிற குறும்பைப் பார் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் நிலைமை சிரிக்கிற நிலைமை இல்லை. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. அருவங்காடு ஃபேக்டரியில் வேலை பார்க்கும் தினேஷ்குமார் இப்போதுதான் ஒருவழியாகக் கப்பலுக்குத் தலையாட்டியிருக்கிறான். சென்னையில் ஏறி மூன்று ராத்திரி. அவளுக்கு ஜன்னல் வைத்த அறை வேண்டும். அவனுக்கு ஜன்னல் இல்லாத உள்ளறை போதும். பத்து நாளாக இதே சண்டை. சலுகை விலையோ இன்று சாயங்காலத்தோடு சரி.

“இங்கயும் ஒத்து வரலீன்னா கப்பலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஊட்டுக்குப் போலாம்” என்றான் தினேஷ்.

“போங்க. நான் நெல்லியாளம் பஸ் ஏறறேன். எங்கம்மா ஊட்டுக்கு.”

இந்த மாதிரி ஜோடிகளைத் தினமும் பார்க்கிற மாலதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “மொதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. புதுசாப் போறவங்களுக்கு உள்ளறைதான் சிக்கனம். அதுலயும் கீழ்த்தளத்துல, கப்பலுக்கு நட்டநடுவுல எடுத்தா ஆட்டமும் கம்மி, காசும் கம்மி. சாப்பாடு டிக்கெட்டுலயே வந்துரும். ஏறினதும் போனை அமத்திப்போடுங்க, இல்லீன்னா பில்லு தீட்டிரும். போட்டோ எடுக்கறோம்னு வருவாங்க. பல்லைக் காட்டிட்டு நகந்துருங்க.”

“நான் மட்டும் தனியாப் போனா பாதிக் காசுதானுங்களே?” தினேஷ் ராஜியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“அதான் கிடையாது. அறைக்கே ரெண்டு பேர் கணக்கு. ஒருத்தர் போனாலும் ரெண்டு பேர் காசு கட்டோணும். மஞ்சூர்ல ஒருத்தர் அப்படித் தனியாப் போனாரு. கட்டின காசு வீணாகக் கூடாதுன்னு மணிக்கொரு தரம் எந்திரிச்சு ரெண்டு கட்டில்லயும் மாத்தி மாத்திப் படுத்தாராம். மூணு நாளும் பொட்டுத் தூக்கமில்லாம வந்து எறங்கினாரு.”

பக்கத்து சோபாவில் இதற்குள் பேச்சு வேறு கட்டத்துக்குப் போயிருந்தது.

“உங்களுக்கு எந்தக் கட்டில் வசதிப்படுமுங்க?” என்று கேட்டார் பெரியவர்.

“செவுத்தோரமுங்க. நடுவால பெட்டிய வெச்சுக்கலாம்.”

“அதைத்தானுங்க நானும் நெனச்சேன்.”

“காலைல மொதல்ல குளிக்கறது நான்.”

“தாராளமா. முடியற வரைக்கும் நான் மேல போயிக் காப்பி குடிச்சுக்கறேன்.”

“ஏ.சி.?”

“மலையில இருக்கற நமக்கு ஏ.சி. எதுக்குங்க? அமத்திப்போடலாம்.”

“ஜன்னலு வேணுமுங்களா?”

“படுத்துக் கண்ணை மூடறதுக்கு ஜன்னல் எதுக்குங்க? மேல போனா கடல்தானே.”

சொல்லச் சொல்ல அந்த அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒன்று விடாமல் எழுதினாள். இரண்டு பேரும் அடியில் கையெழுத்தும் போட்டார்கள்.

ராஜி புருஷனின் தொடையில் கிள்ளினாள். “பாருங்க மாமா! இந்த வயசுலயும் எந்தக் கட்டில் வசதிப்படுமுங்கன்னு கேக்கறாரு. நீங்க எனக்கு என்னைக்காச்சும் ஒரு ‘ங்க’ போட்டிருக்கீங்களா?”

“அந்தம்மா எதுக்காச்சும் மூஞ்சியத் தூக்கினாங்களா? அதையும் பாரு.”

இரண்டு பேருக்கும் சுருக்கென்றது. பிறகு தினேஷ் எழுந்துபோய் மாலதியிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி வந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, “உங்களுக்கு எந்தக் கட்டில் வேணுமுங்க?” என்றான்.

ராஜி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “உள்ளறையே போட்டுருங்கக்கா!” என்று மாலதிக்குக் குரல் கொடுத்தாள். “ஆனா ஒண்ணு. தெனமும் சாயங்காலம் மேல வந்து எங்கூட நின்னு கடலைப் பாக்கோணும். போனைத் தொடக் கூடாது.”

“அதைத்தானுங்க நானும் நெனச்சேன்” என்றபடியே எழுதினான் தினேஷ். குளியல், கட்டில், ஏ.சி. எல்லாம் வரிசையாக ஏறின. மாலதி தன் பங்குக்கு ஆபீஸ் சீலை எடுத்து ஒரு குத்துக் குத்திக் கொடுத்தாள். கப்பலுக்கு மட்டுமில்லை, ஆயுசுக்கும் இதுதான் சட்டம் என்று ராஜி அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்படியே கிளம்ப மனசு வரவில்லை. “அம்மா, ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க. ஆசீர்வாதம் வாங்கிக்கறோம்.”

அந்த அம்மா திடுக்கிட்டு எழுந்தாள். பெரியவர் இரண்டடி தள்ளி நின்று துண்டைச் சரிசெய்தார். “இன்னுங் கொஞ்சம் பக்கத்துல வாங்கய்யா, என்ன வெக்கம்!” என்று ராஜியே அவரை நகர்த்தி நிறுத்திவிட்டு, தினேஷையும் இழுத்துக்கொண்டு காலில் விழுந்தாள்.

“நல்லா இருங்க கண்ணு.”

“உங்கள மாதிரியே ஒத்துமையா இருப்போமுங்கம்மா. கல்யாணமாகி எத்தனை வருசமாச்சுங்க?”

“எனக்கு முப்பத்தோரு வருசம் ஆச்சு” என்ற அந்த அம்மா, பெரியவர் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, காசு மிச்சமாகுமேன்னு அறைக்குக் கூட்டுச் சேந்தோம், இதைக் கேக்கலியே. உங்களுக்கும் உங்க சம்சாரத்துக்கும் எத்தனைங்க?”