மஞ்சள் சீட்டு

நேற்றுச் சாயங்காலம் கடற்கரையில் ஆட்கள் விட்டுப்போன நாற்காலிகளையும் குடைகளையும் ஏற்றிக்கொண்டு, விடியற்காலை வெளிச்சத்தில் டிராக்டர் உறுமி வருகிறது. கூடவே நடக்கும் துப்புரவுக்காரர், மடித்து வைத்த ஒரு சட்டையின் முன்னால் நின்றுவிடுகிறார். பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு. அதன் வாரில் அவரே நேற்றுக் கட்டிய மஞ்சள் சீட்டு, பனியில் நனைந்து தொங்குகிறது: ‘விடிவதற்குள் எடுத்துச் செல்லவும்.’ கீழே அவர் கையெழுத்து, மாலை ஆறு பத்து. கட்டும்போது அவர் நிமிர்ந்து கடலைப் பார்க்கவில்லை. சீட்டுக் கட்ட இன்னும் நாற்பது குடை பாக்கி இருந்தது. “என்னண்ணே, மசமசன்னு நிக்கிறீங்க? தூக்கிப் போடுங்க,” என்று டிராக்டர்காரன் கத்துகிறான். “நேத்து யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்பா.” சட்டையைத் தூக்குகிறார். மடிப்பிலிருந்து மூக்குக்கண்ணாடி விழுகிறது. சோடாபுட்டிக் கண்ணாடி. இதை மறந்துவிட்டு யாரும் வீடு வரைக்கும் நடந்திருக்க முடியாது. அவர் சீட்டைக் கட்டியபோது இந்தச் சட்டைக்காரர் தண்ணீருக்குள்தான் இருந்திருக்கிறார். கண்ணாடியில் ஒட்டிய மணலைத் துடைத்து, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அதை மாட்டிக்கொள்கிறார். கடலும் மணலும் ஒரே சாம்பலாகக் கலங்குகின்றன. டிராக்டர்காரன் விடாமல் ஹார்ன் அடிக்கிறான். கண்ணாடியைக் கழற்றாமல் நிற்கிறவருக்குக் கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.